ஷூ பெட்டியோடு போனோம்: முன்னாள் மாணவர் ஸ்கேன் முகாம்

அமெரிக்காவில் என் மாமனார் படித்த பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகம், கறுப்பின முன்னாள் மாணவர்களுக்காக ஒரு சனிக்கிழமை இலவச ஸ்கேன் முகாம் வைத்தது. “நன்கொடை கேட்டு மட்டும்தான் இதுவரை கடிதம் வந்திருக்கு” என்று முனகிக்கொண்டே மாமா ஷூ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்கு நூலகத்தில் அட்டவணைப் பிரிவு வேலை. குறை கண்டுபிடிக்கும் கண்ணோடுதான் போனேன்.

கைவேலையில் ஒரு குறையும் இல்லை. மாமாவின் ஆல்பம் ஒட்டும் பக்கங்கள் உள்ளது. அந்தப் பசை நாளாக ஆக படத்தையே கெடுத்துவிடும். அங்கிருந்த பெண், பல் இடுக்கில் விடுகிற நூலைப் படத்துக்கு அடியில் விட்டு இழுத்து இழுத்தே கழற்றினார். ஒரு மூலைகூடக் கிழியவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த கறுப்பு மாணவர் சங்கத்தின் 1971 செய்தித்தாளைப் பார்த்ததும் மற்றதை நிறுத்திவிட்டு அதை முதலில் எடுத்தார்கள். அந்தக் கால டிட்டோ நகலெடுக்கும் இயந்திரத்தின் ஊதா மை, வெளிச்சம் பட்டால் மங்கிவிடும். காப்பகத்தில் ஒரு பிரதிகூட இல்லையாம். எல்லாம் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் படக் கோப்பாக. அசல் அன்றே கைக்கு வந்தது, பென் டிரைவில் நகலும்.

நான் கவனித்தது படங்களுக்குத் தலைப்பு வைத்த விதத்தைத்தான். ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பினத் தொகுப்பை 1930 முதல் வளர்த்த நூலகர் டோரதி போர்ட்டர் ஞாபகம் வந்தார். அன்றைக்குப் பல நூலகங்களில் கறுப்பர் எழுதியது கவிதையானாலும், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூவி முறையில் குடியேற்றத்துக்கான 325, அடிமைமுறைக்கான 326 ஆகிய எண்களில்தான் போய் உட்காரும். அவர் அதை ஏற்காமல் துறைவாரியாகப் பிரித்து வைத்தார். இங்கே, பதினான்கு பேர் நிற்கிற ஒரு படத்துக்கு என்ன தலைப்பு என்று மாமாவையே கேட்டார்கள்.

“சனிக்கிழமை ராத்திரி டான்ஸ். போராட்டம்னு போட்டுடாதீங்க.”

அப்படியே எழுதினார்கள். பதினோரு பெயர் சொன்னார்.

குறை என்றால், ஆளுக்கு இருபது நிமிஷம் போதவே போதாது. குரல் பதிவை ஸ்கேனர் பக்கத்திலேயே வைத்தது சுத்த அபத்தம். மாமா பேச்சுக்கு நடுவே இயந்திரம் உறுமுகிறது. உரிமைப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பியிருக்கலாம். நான்கு நட்சத்திரம்.

போகிறவர்கள் பெயர்களை முதல் நாளே எழுதி வையுங்கள். பன்னிரண்டாவது ஆள் யாரென்று மாமாவுக்குத் திரும்பும் வழியில்தான் ஞாபகம் வந்தது. காரை ஓரங்கட்டச் சொல்லி அங்கிருந்தே போன் போட்டார்.