ஆடும் பால் பல்: நூல் கட்டி இழுப்பதா, தானாக விழ விடுவதா?

மகளுக்கு ஆறு வயதில் முதல் பல் ஆடியபோது நூல் கட்டி இழுத்தேன். இளையவனுக்கு இதுவரை நாலு பற்கள் விழுந்துவிட்டன. ஒன்றைக்கூட நான் தொடவில்லை. இரண்டையும் செய்து பார்த்த பிறகு, கை வைக்காமல் விடுவதே மேல் என்பது என் முடிவு.

நூலில் இருக்கும் வசதி தெரிந்ததுதான். ஒரு நொடியில் வேலை முடியும், சாப்பிடும்போது பல் இடறாது. தூக்கத்தில் விழுங்கிவிடுமோ என்ற பயமும் போகும். ஆனால் விழுங்கினாலும் பெரும்பாலும் மலத்தோடு வெளியே வந்துவிடும். விடாத இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால்தான் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நான் முக்கியமாக நினைப்பது வேரைத்தான். பால் பல்லுக்கும் வேர் உண்டு. அடியிலிருந்து நிலைப்பல் மேலே வர வர, அந்த வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தானாக விழுந்த பல்லைத் திருப்பிப் பாருங்கள், வேர் கிட்டத்தட்ட இருக்காது. ஆட்டம் தொடங்கும் நாட்களில் அப்படியில்லை, வேர் இன்னும் மிச்சம் இருக்கும். அப்போது இழுத்தால் வலிக்கும், ஈறு கிழியும், சில நேரம் வேர் முறிந்து உள்ளேயே தங்கும். நமக்கோ இரண்டும் வெறும் 'ஆடுற பல்'தான். நான் அவசரப்பட்டது இங்கேதான். முன்னும் பின்னும் லேசாக அசைந்த பல்லை இழுத்துவிட்டேன். ரத்தமும் அழுகையும் அன்றோடு போயின. ஆனால் அடுத்த பல் ஆடியதை ஒரு வாரம் என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தாள். அது இன்னும் உறுத்துகிறது.

விடுவது என்றால் சும்மா இருப்பதில்லை. நாக்கால் தள்ளச் சொல்லலாம், கை கழுவிவிட்டு அவர்களே ஆட்டலாம். வலிக்குமோ என்று அந்த இடத்தை மட்டும் பல் துலக்காமல் விடுவார்கள், அதைக் கவனிக்க வேண்டும். எல்லாப் பக்கமும் சாய்ந்து, திருகினால் சுழன்று, தொட்டால் வலியும் இல்லை என்றால் ஈறு மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மகனின் நாலாவது பல் அப்படித்தான் இருந்தது. சுத்தமான துணியால் பிடித்து அவனே திருகி எடுத்தான். அப்புறம் மடித்த துணியைப் பத்து நிமிடம் கடித்துக்கொண்டிருந்தான், ரத்தம் நின்றுவிட்டது.

பல் மருத்துவரிடம் போவது மூன்றாவது வழி. அடிபட்டு ஆடும் பல், நாலு வயதிலேயே ஆடும் பல், ஈறு வீக்கம், சீழ் என்றால் யோசிக்கவே வேண்டாம், போய்விடுங்கள். நாங்கள் ஒரே ஒரு முறை போனோம். மகளுக்குக் கீழ்வரிசையில் பால் பல் விழுவதற்குள் பின்னால் புதுப்பல் எட்டிப் பார்த்தது. இது நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான், பால் பல் விழுந்ததும் நாக்கு புதுப்பல்லை முன்னே தள்ளும் என்றார் மருத்துவர். பால் பல் ஆடிக்கொண்டிருந்ததால் காத்திருக்கச் சொன்னார், அதுவும் விழுந்தது. ஆடவே இல்லையென்றால் அவர் எடுக்க வேண்டி வந்திருக்கலாம். மரத்துப்போக ஊசி போட்டுப் பல் எடுப்பதைப் பற்றி என் அனுபவத்தில் சொல்ல எதுவும் இல்லை. கடைவாய்ப் பால் பற்களும் எங்கள் வீட்டில் இன்னும் விழ ஆரம்பிக்கவில்லை. அவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்கள் உண்டு என்பதால் இன்னும் பொறுமையாக இருப்பேன்.

மகளுக்கு இப்போது பத்து வயது. கீழே கோரைப்பல் ஆடுகிறது. தினமும் இரவு வாயைத் திறந்து காட்டுகிறாள். பார்க்கிறேன், தொடுவதில்லை.