பிரஞ்ச் கடை: முதல் பந்தியா, கடைசிப் பந்தியா?

காலை உணவையும் மதிய உணவையும் சேர்த்து ஒரே வேளையாகச் சாப்பிடுவதுதான் பிரஞ்ச் (brunch). கூட்டம் அலைமோதும் பிரஞ்ச் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போவதென்றால், என்ன சாப்பிடுவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போவது என்பதுதான் பெரிய கேள்வி. ஒரே கடை, ஒரே மெனு, அதே சமையல்காரர். ஆனாலும் ஒன்பது மணிக்கு ஒரு கடை, பதினொன்றரைக்கு வேறு கடை. வீட்டுக்கு நடக்கிற தூரத்தில் இருக்கும் அப்படிப்பட்ட கடை ஒன்றில் நான் எல்லா நேரத்திலும் மாட்டிப் பார்த்துவிட்டேன். காலை 9 மணிக்குத் திறந்து மதியம் 2:30க்கு மூடுவார்கள்.

எட்டே முக்காலுக்கே கதவருகே நின்றால் இடம் நிச்சயம். துடைத்த மேசையின் ஈரம்கூடக் காய்ந்திருக்காது. கண்ணாடிப் பெட்டியில் க்ரோசான்ட் நிறைந்திருக்கும். ஆனால் முதல் பந்திக்கு ஒரு தலைவலி உண்டு. கதவு திறந்ததும் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாக ஆர்டர் கொடுக்கிறார்கள். காபி மெஷின் ஒன்றுதான். ஒரு எஸ்பிரெசோ இறங்கவே 25, 30 விநாடி ஆகும். பாலை நுரைக்க வைப்பது தனி வேலை. முப்பது பேர் எஸ்பிரெசோவில் நுரைத்த பால் ஊற்றிய லாட்டே கேட்டால் கடைசி ஆளின் கோப்பை எப்போது வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் நான் லாட்டே பக்கமே போவதில்லை. ஏற்கெனவே வடித்து வைத்திருக்கும் சாதாக் காபியைக் கேட்பேன், உடனே வந்துவிடும்.

சரி, எல்லாவற்றிலும் மோசமான நேரம் எது? நண்பகல் என்று பலரும் நினைப்பார்கள். என் அனுபவத்தில் ஒன்பதே கால்தான். ஒருநாள் தங்கை செருப்பைத் தேடியதில் பத்து நிமிடம் தாமதமாகிவிட்டது. "பத்து நிமிஷம்தானே அக்கா, விடு" என்றாள். போய்ப் பார்த்தால் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அதைவிடக் கொடுமை, உட்கார்ந்திருந்த யாரும் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை. முதல் பந்தி மொத்தமும் எழுந்தால்தான் நமக்கு இடம். பத்து நிமிடத் தாமதத்துக்கு ஒரு மணி நேரம் வெளியே நின்றோம். அன்று பத்தரைக்குச் சாவகாசமாக நடந்து வந்த ஒரு ஜோடி, பெயர் கொடுத்த கொஞ்ச நேரத்திலேயே உள்ளே போனதைப் பார்த்தபோது வயிறு எரிந்தது. பசியும் ஒரு காரணம்.

அந்த ஜோடியிடம்தான் பாடம் கற்றேன். இரண்டு பேர் உட்காரும் மேசை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காலியாகிவிடும். நாலு பேர் மேசை அதைவிட நேரம் எடுக்கும். ஆறு பேர் என்றால் பேச்சு முடியவே முடியாது. அதனால் பத்தே காலிலிருந்து பத்தே முக்கால் வரை சின்ன மேசைகள் வரிசையாகக் காலியாகும். பதினொரு மணிக் கூட்டமும் அப்போது வந்திருக்காது. இருவராகப் போனால் இந்த இடைவெளியை அடித்துக்கொள்ள வேறு நேரம் இல்லை. கவுண்டரை ஒட்டிய உயர நாற்காலியில் உட்காரத் தயார் என்று சொல்லிவிட்டால் இன்னும் சீக்கிரம் கூப்பிடுவார்கள். எனக்கு மேசையைவிட அந்த இடமே பிடிக்கும். ஓட்டை உடைத்து வெந்நீரில் விட்டு வேகவைத்த போச்டு முட்டைகள் ஐஸ் தண்ணீரில் கிடக்க, அவற்றைத் துளைக் கரண்டியால் அள்ளி, வெந்நீரில் ஒரு நிமிடம் விட்டு, துணியில் ஒற்றி எடுத்துத் தட்டில் வைப்பதை அங்கிருந்துதான் பார்த்தேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக வேகவைப்பதாக அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை பிறந்தநாள் கூட்டங்களும் குழந்தை வண்டிகளும். ஒருவர் குறைந்தாலும் உட்கார வைக்க மாட்டார்கள். "வந்துகொண்டே இருக்கிறான்" என்பதெல்லாம் வாசலில் நிற்கிற பெண்ணிடம் எடுபடாது. இருந்தாலும் இந்த நேரத்துக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு, ஹாலண்டேஸ் சாஸ். மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் பிரியாமல் பிணைத்து வைத்திருக்கும் சமாச்சாரம் அது. சூடு ஏறினால் முட்டை திரிந்துவிடும், ஆறினால் வெண்ணெய் இறுகிப் பிரியும், அதனால் இதமான சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். அதிக நேரம் வைத்திருந்தால் கெட்டுப்போகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடிப்பார்கள். கூட்டம் நெரியும் நேரத்தில் கிண்ணம் காலியாகக் காலியாகப் புது சாஸ் வரும்.

ஒன்றரை மணிக்குப் போனால் நிலைமை தலைகீழ். காத்திருக்க வேண்டாம், எப்போது எழுவான் என்று யாரும் முறைக்க மாட்டார்கள். ஆனால் கண்ணாடிப் பெட்டியில் துகள்தான் மிச்சம், மெனுப் பலகையில் தீர்ந்துபோன இரண்டு பதார்த்தங்களின் பெயரை அடித்திருப்பார்கள். ஒருமுறை இந்த நேரத்தில், ரொட்டிமேல் போச்டு முட்டை வைத்து ஹாலண்டேஸ் ஊற்றித் தரும் எக் பெனடிக்ட் கேட்டேன். சாஸின் மேல் ஏடு படிந்திருந்தது. ஓரத்தில் வெண்ணெய் தனியே முத்து முத்தாக நின்றது. தப்பு என்னுடையதுதான். கடைசிப் பந்தியில் கேட்க வேண்டியது பேன்கேக்கோ ஆம்லெட்டோ. கேட்ட பிறகு கல்லில் ஏறுகிறவை அவை. இன்னொன்று, கடை மூடும் நேரமும் அடுப்பு அணையும் நேரமும் ஒன்றல்ல, கடைசி ஆர்டர் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தோழியுடன் மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் நான் இந்த நேரத்தைத்தான் சொல்வேன்.

முன்பதிவு? வார இறுதியில் பல கடைகள் அதை ஏற்பதே இல்லை. ஏற்றாலும் ஒன்றரை மணி நேரத்தில் எழச் சொல்வது உண்டு. ஆறு பேருக்கு மேல் என்றால் வேறு வழியில்லை, முன்பதிவு செய்யுங்கள், இல்லையென்றால் வேறு கடை பாருங்கள். வார நாளில் லீவு கிடைக்கிற புண்ணியவான்களுக்கு இந்த அலசலே தேவையில்லை.

பிரஞ்ச் என்ற யோசனையை 1895ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் முன்வைத்த கை பெரிங்கர், சனிக்கிழமை இரவு கொண்டாடியவர்கள் மறுநாள் அவசரமாக எழ வேண்டியிருக்காது என்பதைத்தான் அதன் பெருமையாகச் சொன்னார். நாமோ அதற்காக அலாரம் வைத்து எழுகிறோம். நான் இப்போது அலாரத்தை விட்டுவிட்டுப் பத்தே காலுக்குப் போகிறேன். தங்கைக்கு இன்னும் ஒன்பது மணிதான். சனிக்கிழமை இரவே செருப்பை வாசலில் எடுத்து வைத்துவிடுகிறாள்.