கடல்நீரா, கழிவுநீரா: சென்னை எதில் பணம் போட வேண்டும்?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோன பிறகு, சென்னையில் தண்ணீர்ப் பேச்சு எடுத்தாலே கடல்நீரைக் குடிநீராக்குவதுதான் முதலில் வந்து நிற்கிறது. மீஞ்சூர், நெம்மேலி நிலையங்கள், 2024இல் நெம்மேலியிலேயே நாளுக்கு 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று, அப்புறம் பேரூரில் 40 கோடி லிட்டருக்கு ஒரு பெரிய திட்டம். அதே 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை ஆர்.ஓ. (சவ்வு வழியே அழுத்தி வடிகட்டுவது) வரை சுத்திகரிக்கும் நிலையங்கள் தொடங்கின, தலா 4.5 கோடி லிட்டர். அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

கடல் வற்றாது, பருவமழை பொய்த்தாலும் குழாயில் தண்ணீர் வரும், அந்த நிம்மதிக்கு விலை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் லிட்டர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் வேண்டும். உள்ளே இழுக்கும் நீரில் பாதிக்கு மேல் அடர்ந்த உப்புநீராகத் திரும்பக் கடலுக்கே போகிறது, அதுவும் மீன்பிடிக் கரையோரத்தில்.

கழிவுநீரில் உப்பு மிகக் குறைவு. அதனால் ஆர்.ஓ. சவ்வு வழியே தள்ள அழுத்தமும் கரண்டும் குறைவாகவே போதும். இங்கே சுத்திகரிக்கும் ஒவ்வொரு லிட்டரும் கூவத்துக்கோ பக்கிங்ஹாம் கால்வாய்க்கோ அழுக்காகப் போகாத லிட்டர். மணலி ஆலைகளுக்கும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கும் இந்த நீர் போனால், ஏரித் தண்ணீர் அந்த அளவுக்கு வீடுகளுக்கு மிச்சம். ஒரு குறை, குழாயில் தண்ணீர் குறைந்தால் கழிவுநீரும் குறையும், ஆனால் அடியோடு நிற்காது.

விவசாயத்துக்கு எது என்றால் போட்டியே இல்லை. கடல்நீரைச் சுத்திகரித்து நெல்லுக்குப் பாய்ச்ச யாருக்கும் கட்டுப்படியாகாது. பெங்களூரின் கழிவுநீரோ 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது, திட்ட அளவு நாளுக்கு 44 கோடி லிட்டர். பல வருடமாகக் காய்ந்து கிடந்த ஏரிகள் நிரம்பின, சுற்றியுள்ள கிணறுகளிலும் நீர் ஏறியது. ஆனால் அங்கே இரண்டாம் கட்டச் சுத்திகரிப்போடு, அதாவது நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைச் சிதைப்பதோடு, நிறுத்திவிட்டார்கள். அந்த நீர் ஏரி வழியாக நிலத்தடிக்கு இறங்கும், அதையே ஜனங்கள் குடிக்கவும் எடுப்பார்கள், அதனால் மிச்ச அழுக்கையும் நீக்கும் மூன்றாம் கட்டமும் வேண்டும் என்று அங்குள்ளவர்கள் கேட்பது முழுக்க நியாயம்.

பேரூரை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த பெரிய தொகையாவது பெருங்குடி, நெசப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையங்களில் மூன்றாம் கட்டத்துக்குப் போகட்டும், அந்த நீரில் ஒரு பங்கை ஆலைகளுக்கு மட்டும் கொடுக்காமல் புறநகர் ஏரிகளுக்கும் விடட்டும்.