பயோபிரிக்கா, கோல்டன் கேட்டா?

சுங்கை சிப்புட்டில் பக்கத்து வீட்டுத் தங்கச்சி இந்த ஆண்டு பல்கலைக்கழகத்தில் செயற்கை உயிரியல் குழுவில் சேர்ந்திருக்கிறாள். "அண்ணே, டிஎன்ஏ துண்டுகளை எந்த முறையில் இணைக்கிறது? பயோபிரிக்கா, கோல்டன் கேட்டா?" என்று பசியாறும்போது கேட்டாள். இரண்டிலும் வேலை செய்தவன் என்பதால் யோசிக்காமல் கோல்டன் கேட் என்றேன்.

பயோபிரிக்கை 2003இல் எம்.ஐ.டி.யின் டாம் நைட் முன்வைத்தார். எல்லாத் துண்டுகளின் இரு முனைகளிலும் நொதிகள் வெட்டுவதற்கான ஒரே வெட்டுமிடங்கள் இருப்பதால், யார் செய்த துண்டும் யாருடையதோடும் சேரும். பொதுக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான துண்டுகள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அது பெரிய வசதிதான். ஆனால் வழக்கமாக இரண்டிரண்டாகத்தான் சேர்க்க முடியும். 2008இல் வந்த கோல்டன் கேட்டில் பல துண்டுகளை ஒரே குழாயில் போட்டு, 37 பாகை செல்சியஸிலும் 16 பாகை செல்சியஸிலும் மாற்றி மாற்றி வைத்தால் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். ஐந்துக்கு மேல் நான் சேர்த்ததில்லை.

சரி, நான் மாறியதற்குக் காரணம் வேகம் அல்ல, தழும்பு. பயோபிரிக் துண்டுகள் ஒட்டும் இடத்தில் டி-ஏ-சி-டி-ஏ-ஜி என்ற டிஎன்ஏ எழுத்துகள் தழும்பாகத் தங்கிவிடும். கடைசி மூன்றும் புரத உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் குறி. இது தெரியாமல் ஒரு புரதத்தின் வாலில் பச்சை ஒளிப் புரதத்தைச் சேர்த்தோம். தட்டு நிறைய பாக்டீரியாக் கூட்டங்கள் வளர்ந்திருந்தன. நீல விளக்கில் ஒன்றுகூட மின்னவில்லை. மூன்று வாரம் போனது. அப்பா தோட்டத்து நாற்றங்காலில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டியவர். ஒட்டின இடம் கடைசிவரை புடைத்தே இருக்கும், ஆனாலும் பால் வரும். இங்கே தழும்போடு பால் நின்றுவிடுகிறது. புரதத்துக்கு வெளியே, மரபணுவை இயக்கிவிடும் தூண்டிக்குப் பின்னால் விழும் தழும்பு பெரும்பாலும் தொல்லை செய்யாது.

கோல்டன் கேட்டின் பிஎஸ்ஏ-ஒன் நொதி ஜி-ஜி-டி-சி-டி-சி என்ற இடத்தை அடையாளம் கண்டு, சற்றுத் தள்ளி வெட்டும். மிஞ்சும் நான்கு எழுத்துகளை நாமே தேர்ந்தெடுக்கலாம். புரதத்தின் மரபணுவில் ஏற்கெனவே உள்ள எழுத்துகளையே வைத்தால் தழும்பே இருக்காது.

ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: மரபணுவுக்குள்ளேயே அந்த ஆறெழுத்து இருந்தால் நொதி அங்கேயும் வெட்டிவிடும். தங்கச்சி மடிக்கணினியில் தேடினாள். நேராக இல்லை, டிஎன்ஏவின் எதிரிழையில் ஒன்று இருந்தது; இந்த இழையில் அது ஜி-ஏ-ஜி-ஏ-சி-சி என்று தெரிந்தது. அமினோ அமிலம் மாறாதபடி ஓர் எழுத்தை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டு போனாள்.