கட்டைவிரல் மூட்டு: ஃப்யூஷனா, சிலிக்கானா?

முடக்குவாதத்தில் கட்டைவிரலின் நடுமூட்டு கெட்டுப்போனால் டாக்டர்கள் பெரும்பாலும் இரண்டு வழி சொல்வார்கள்: எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடும் ஃப்யூஷன், அல்லது கெட்ட மூட்டுக்குப் பதிலாக வைக்கும் செயற்கைச் சிலிக்கான் மூட்டு.

வலி: இரண்டிலுமே நன்றாகக் குறையும்.

அசைவு: ஃப்யூஷனில் அந்த மூட்டு இனி மடங்காது. கேட்கவே பயமாகத்தான் இருக்கும். ஆனால் விறைப்பாக நிற்காது. சுமார் 15 டிகிரி மடக்கிய நிலையில்தான் சேர்ப்பார்கள். மேலும் கீழும் உள்ள மூட்டுகள் நன்றாக இருந்தால் சட்டை பட்டன் போடலாம், சாவி திருப்பலாம். சிலிக்கானில் ஓரளவு மடங்கும்.

பிடிபலம்: ஃப்யூஷன்தான், சந்தேகமே வேண்டாம். பாட்டில் மூடி திறக்கும்போது வரும் பக்கவாட்டு அழுத்தத்தை, தசைநார் தளர்ந்த விரலில் சிலிக்கான் தாங்குவது கஷ்டம்.

ஆயுள்: எலும்பு கூடிவிட்டால் ஆயுசுக்கும். சிலிக்கான் நாளாக நாளாக உடையலாம்.

தேறுவது: ஃப்யூஷனுக்கு 6 முதல் 8 வாரம் கட்டு, புகைபிடிப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும். சிலிக்கானில் பயிற்சி சீக்கிரமே தொடங்கும்.

நடுமூட்டு மட்டும் கெட்டு, கைவேலை அதிகம் என்றால் என் ஓட்டு ஃப்யூஷனுக்கே. நுனிமூட்டையும் சேர்க்க வேண்டிய நிலையில், நடுமூட்டில் அசைவைக் காப்பாற்றச் சிலிக்கான் பொருந்தும். முடக்குவாதத்துக்காகப் பயலாஜிக் ஊசி (நோயெதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்து) போடுபவர்கள், அறுவைக்கு முன் அதை எப்போது நிறுத்துவது என்று வாதநோய் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.