பினாங்குக் கல்லூரி நூலகத்தில் புத்தக இரவல்: எது சுலபம், எங்கே சிக்கும்

பினாங்குத் தீவில் கிளை வளாகமும் கோலாலம்பூரில் தலைமை வளாகமும் வைத்திருக்கும் ஒரு கல்லூரியின் நூலகச் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. இந்த நூலகம் ஓடுவது கோஹா என்ற இலவச மென்பொருளில். நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகத்துக்காக 1999-இல் எழுதத் தொடங்கி, 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த மென்பொருள் அது. கோஹா இருக்கும் எந்த நூலகத்துக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் தீர்ப்பு: இரவல் எடுப்பது நன்றாக இருக்கிறது. திருப்பிக் கொடுப்பது பரவாயில்லை. புதுப்பிப்பதில்தான் மாணவர்கள் நாள்களையும் காசையும் இழக்கிறார்கள். தமிழ்ப் புத்தகம் தேடி வருபவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் முந்திய தடை ஒன்று உண்டு, அது தேடல் பட்டியல்.

டிப்ளோமா மாணவருக்கு 5 புத்தகம், 14 நாள். பட்டப்படிப்பு மாணவருக்கு 8 புத்தகம், அதே 14 நாள். இரண்டு முறை புதுப்பிக்கலாம். தாமதமானால் புத்தகத்துக்கு நாளொன்றுக்கு 20 சென். அபராதம் 10 ரிங்கிட்டைத் தாண்டினால் கணக்கு முடங்கும். அதன் பிறகு எடுக்கவும் முடியாது, புதுப்பிக்கவும் முடியாது. சிவப்புப் புள்ளி ஒட்டிய பாடநூல்கள் முகப்பு மேசைக்குப் பின்னால் இருக்கும், 2 மணி நேரத்துக்கு மட்டும் தருவார்கள், தாமதத்துக்கு மணிக்கு 1 ரிங்கிட். நூலகம் மூட 2 மணி நேரம் இருக்கும்போது கேட்டால் மறுநாள் காலை வரை வீட்டுக்குக் கொண்டுபோக விடுகிறார்கள். இது அறிவிப்புப் பலகையில் இல்லை, முகப்பில் கேட்க வேண்டும்.

தமிழ் அலமாரிக்கு வருவோம். மலேசியாவின் பெரும்பாலான உயர்கல்வி நூலகங்களைப் போல இங்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலக வகைப்பாடுதான். தமிழ் மொழியும் இலக்கியமும் பிஎல் (PL) 4751 முதல் 4759 வரை. ஆனால் மலேசிய இந்தியர் வரலாறு டிஎஸ் 595.2 அருகில், சைவ சமய நூல்கள் அந்த அலமாரியிலிருந்து வெகு தூரம் தள்ளி, BL என்று தொடங்கும் சமயப் பிரிவில். தமிழில் எழுதியது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று நினைத்து ஒரு அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு, "இங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புபவர்கள் அதிகம்.

அதைவிடப் பெரிய காரணம் எழுத்துக்கூட்டல். பழைய பதிவுகளில் தமிழ் எழுத்தே கிடையாது, தலைப்பும் ஆசிரியர் பெயரும் ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கின்றன. அந்த ரோமன் எழுத்து நாம் வாட்ஸ்அப்பில் தட்டுகிற மாதிரி இருக்காது. காங்கிரஸ் நூலகத்தின் எழுத்துப்பெயர்ப்பு முறை தமிழ் எழுத்தைப் பார்க்கும், ஒலியைப் பார்க்காது. சகரம் எங்கே வந்தாலும் 'சி' என்ற ஆங்கில எழுத்து, 'எஸ்' வராது. ககரம் எப்போதும் 'கே'. 'ஜி' என்று நாம் ஒலிக்கும் இடத்திலும் 'கே'தான். பகரம் எப்போதும் 'பீ' (p), 'பி' (b) வராது. தகரத்தோடு 'ஹெச்' சேராது. ழகரத்துக்கு 'இஸட்' வராது. ல, ள, ழ மூன்றும் அடிப்படையில் 'எல்'. ர, ற இரண்டும் 'ஆர்'. ந, ண, ன மூன்றும் 'என்'. இவற்றை வேறுபடுத்த எழுத்தின் மேலும் கீழும் போடும் புள்ளியையும் கோட்டையும் நாம் தட்ட வேண்டாம், தேடுபொறி அவற்றைப் பொருட்படுத்தாது. ஆக, சங்க இலக்கியம் வேண்டுமென்றால் 'எஸ்'ஸில் தொடங்கி, நடுவில் 'ஜி' போட்டுத் தேடினால் பழைய பதிவு எதுவும் வராது. 'சி, ஏ, என், கே, ஏ' என்று தட்டினால் வரிசையாக வரும். மலேசியா என்ற சொல்லிலும் நடுவில் 'சி'தான்.

புணர்ச்சியும் தொல்லை தரும். 'மலேசியத் தமிழ்' என்ற தலைப்பில் வலி மிகும் தகர ஒற்று முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அது வேறொரு சொல்லாகவே பதிவாகியிருக்கும். சொல்லின் முதல் ஐந்தாறு எழுத்தைத் தட்டி நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. ஐஎஸ்பிஎன் என்ற, நூலுக்கு நூல் மாறும் அடையாள எண் தெரிந்தால் இன்னும் நல்லது, எழுத்துக்கூட்டலே வேண்டாம். இந்திய வெளியீடுகள் 978-81 அல்லது 978-93 என்றும், மலேசிய வெளியீடுகள் 978-967 அல்லது 978-629 என்றும், பழைய மலேசிய நூல்கள் 983 என்றும் தொடங்கும். எழுத்தாளரே காசு போட்டு அச்சடித்த பழைய நூல்கள் பலவற்றில் அந்த எண் இல்லை. அவற்றுக்கு ஆசிரியர் பெயரைத்தான் மேலே சொன்ன முறையில் தட்ட வேண்டும்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தால் தானியங்கி இரவல் இயந்திரம். மாணவர் அட்டையை வைத்து, பின் எண்ணைத் தட்டி, திரையில் 'பிஞ்ஜாம்' (மலாயில் இரவல்) என்ற பொத்தானைத் தொட்டு, புத்தகங்களைத் தட்டின் மேல் அடுக்கினால் போதும். ஒவ்வொரு புத்தகத்தின் பின் அட்டைக்குள்ளும் 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டியிருக்கிறது. இயந்திரம் நான்கு புத்தகத்தை ஒரே நேரத்தில் படிக்கும் என்கிறார்கள். தடித்த பாடநூல்களில் அது உண்மை. தமிழ்க் கவிதைத் தொகுப்புகளும் சிறு கட்டுரை நூல்களும் 80, 90 பக்கம்தான் இருக்கும். அவற்றை அடுக்கினால் வில்லைகள் ஒன்றன் மேல் ஒன்றாக நெருங்கி, ஒன்றின் அலையை மற்றொன்று குலைத்துவிடுகிறது. மூன்று வைத்தால் இரண்டுதான் திரையில் தெரியும். ஒரு புத்தகத்தின் முதுகை இடப்பக்கமும் அடுத்ததன் முதுகை வலப்பக்கமும் மாற்றி வையுங்கள், வில்லைகள் விலகும். அட்டையில் தங்க நிற உலோகத்தாள் அச்சு இருக்கும் புத்தகத்தைத் தனியாக வைக்க வேண்டும், உலோகம் அலையைத் தடுக்கும். கையில் எத்தனை, திரையில் எத்தனை என்று எண்ணிப் பார்க்காமல் நகர்ந்தால் வாசலில் அலாரம் அடிக்கும்.

எடுப்பதற்கு முன் புத்தகத்தை ஒரு முறை புரட்டிவிடுங்கள். பினாங்கின் ஈரக்காற்றில் பசை போட்டு ஒட்டிய மலிவுப் பதிப்புகளின் முதுகு சீக்கிரம் விரிசல் விடுகிறது, பக்கம் கழன்று வருகிறது, ஓரங்களில் பூஞ்சைக் கறை. ஏற்கெனவே கிழிந்திருப்பதை முகப்பில் காட்டி, கணினிப் பதிவில் குறிப்பு ஏற்றச் சொல்லலாம். முகப்பில் இருப்பவர்கள் இதைத் தட்டாமல் செய்கிறார்கள், அந்தப் பொறுமைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். குறிப்பு இல்லையென்றால் கடைசியாக எடுத்தவர் தலையில்தான் பழுது விழும்.

புதுப்பித்தல் இணையத்தில் ஒரு நிமிட வேலை. கணக்கில் நுழைந்து, புத்தகத்தின் எதிரே உள்ள பெட்டியைத் தொட்டு, புதுப்பி என்று கொடுத்தால் புதிய தேதி வரும். சிக்கல் அந்தத் தேதியைக் கணக்கிடும் முறையில். கோஹாவில் புதிய தவணையைப் பழைய கெடுவிலிருந்து எண்ணவும் வைக்கலாம், புதுப்பிக்கும் நாளிலிருந்து எண்ணவும் வைக்கலாம். இந்த நூலகம் இரண்டாவதைத் தேர்ந்திருக்கிறது. மார்ச் 20 கெடு உள்ள புத்தகத்தை முன்யோசனையோடு மார்ச் 12-இல் புதுப்பித்தால் புதிய கெடு மார்ச் 26. ஆறு நாள்தான் லாபம், இரண்டில் ஒரு வாய்ப்பும் போயிற்று. மார்ச் 20-இல் புதுப்பித்தால் ஏப்ரல் 3 வரை கிடைக்கும். முன்கூட்டியே செய்கிறவரைத் தண்டிக்கிற இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டும். மென்பொருளில் ஒரே ஒரு விருப்பத் தேர்வை மாற்றினால் போதுமானது, செலவு எதுவும் இல்லை.

அதுவரை, கெடுவுக்கு முதல் நாள் புதுப்பிப்பதே சரி. கெடு நாளின் இரவு 11.59 வரை நேரம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கடைசி நேரத்தில் மறுப்பு வந்தால், பட்டர்வொர்த் பக்கமிருந்து பாலமோ பெர்ரியோ ஏறி வருகிற மாணவரால் அன்றிரவு புத்தகத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடியாது. மறுப்பு வரக் காரணங்கள் சிலவே: வேறொருவர் முன்பதிவு செய்திருப்பார், இரண்டு முறையும் முடிந்திருக்கும், அபராதம் வரம்பைத் தாண்டியிருக்கும், கெடு ஏற்கெனவே கடந்திருக்கும். ஐந்தாவது ஒன்று பலருக்குத் தெரியாது. மாணவர் அட்டை காலாவதியாகும் தேதியைத் தாண்டிக் கெடு போகாது. கடைசிப் பருவத்தில் 14 நாள் கேட்டு 5 நாள் கிடைத்தால் அதற்குக் காரணம் அதுதான்.

நினைவூட்டல் மின்னஞ்சல் கெடுவுக்கு 2 நாள் முன்பு வரும். வருவது கல்லூரி முகவரிக்கு, சொந்த ஜிமெயிலுக்கு வராது.

இந்த நூலகத்தின் சிறந்த வசதி முன்பதிவு. தமிழ் மாணவர்கள் அதைத் தொடுவதே இல்லை என்பது வருத்தம். தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒற்றைப் பிரதி. யாரோ எடுத்துப் போயிருந்தால், வரட்டும் என்று காத்திருந்தால் அவர் இரண்டு முறை புதுப்பிப்பார், 42 நாள் போய்விடும். பட்டியலில் அந்தப் புத்தகத்தைத் திறந்து முன்பதிவுப் பொத்தானைத் தொட்ட கணமே அவருடைய புதுப்பித்தல் நின்றுவிடும். அவரது நடப்புக் கெடு குறையாது, ஆனால் நீளவும் நீளாது, அதிகம் போனால் 14 நாளில் உங்கள் கைக்கு வரும். வந்ததும் மின்னஞ்சல் வரும். முகப்புக்கு அருகே உங்கள் பெயர்ச் சீட்டோடு 3 வேலை நாள் காத்திருக்கும், அதற்குள் போகவில்லையென்றால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

விரிவுரையாளர் எடுத்த புத்தகத்தில்தான் முன்பதிவு பல்லிழந்து போகிறது. அவர்களுக்கு ஒரு பருவம் முழுக்க இரவல். ஒற்றைப் பிரதித் தமிழ் நூல் அப்படிப் போனால் அந்தப் பருவ மாணவர்களுக்கு அது இல்லாத புத்தகமே. 30 நாள் கடந்தால் திரும்பக் கேட்கும் விதி இங்கு இருக்கிறது, ஆனால் தானாக நடக்காது. முகப்பில் "புவான், இதைத் திரும்பக் கேட்டு அனுப்ப முடியுமா?" என்று சொன்னால்தான் கடிதம் போகும். ஒற்றைப் பிரதி எதுவாயினும், யார் எடுத்தாலும், 30 நாள் என்று விதியையே மாற்றுவது நியாயம்.

திருப்பிக் கொடுக்க இரண்டு வழி. உள்ளே இருக்கும் இயந்திரத்தில் 'பூலாங்' (மலாயில் திருப்புதல்) தொட்டு வைத்தால் உடனே கணக்கிலிருந்து நீங்கும், ரசீதும் வரும். வெளியே காவலர் சாவடி அருகே உள்ள பெட்டி வெறும் பெட்டிதான், அதில் படிக்கும் கருவி இல்லை. மறுநாள் காலையில் ஊழியர்கள் எடுத்துப் பதியும்போது, முந்தைய வேலை நாள் தேதியில் பதிகிற முறையைப் போட்டுக்கொள்கிறார்கள். ஆகவே இரவில் போட்டாலும் அபராதம் ஏறாது. அதுவரை கணக்கில் புத்தகம் தெரிந்தால் பதற வேண்டாம். இரண்டு வேலை நாள் கடந்தும் நீங்கவில்லையென்றால், பதிவில் தவறியிருக்கலாம். "போட்டுவிட்டேன்" என்று முகப்பில் முறையாகப் பதியச் சொல்லுங்கள், அலமாரியில் தேடுவார்கள், அந்தக் காலத்துக்கு அபராதம் நிற்கும். கால்குலேட்டர், மடிக்கணினி, இணைப்புக் கம்பி போன்றவற்றைப் பெட்டியில் போடக் கூடாது, முகப்பில் கையில்தான் கொடுக்க வேண்டும்.

பினாங்கு வளாகத்துக்கே உரிய கோளாறு ஒன்று நாள்காட்டியில் இருக்கிறது. விடுமுறை நாள்களைத் தலைமை வளாகம்தான் ஏற்றுகிறது. தைப்பூசம் இரண்டு இடத்திலும் விடுமுறை, அதனால் பிரச்சினை இல்லை (தண்ணீர்மலைப் பக்கம் சாலைகள் அடைபடும் என்பதால் இரத ஊர்வல நாளுக்கு முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது). ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகர் நாளான ஜூலை 7-உம், ஜூலை இரண்டாம் சனிக்கிழமை வரும் ஆளுநர் பிறந்தநாளும் கோலாலம்பூரில் விடுமுறை இல்லை. கணினி அந்த நாள்களில் கெடு வைக்கிறது, அபராதமும் எண்ணுகிறது. முகப்பில் சொன்னால் நீக்குகிறார்கள். சொல்லாதவர்கள் கட்டிவிடுகிறார்கள். கோஹாவில் ஒவ்வொரு கிளைக்கும் தனி நாள்காட்டி வைக்கும் வசதி இருக்கும்போது இது நீடிக்கக் கூடாது.

இங்கே இல்லாத நூலுக்கு நூலகங்களுக்கிடையேயான இரவல் உண்டு. ஆசிரியர், தலைப்பு, பதிப்பு, ஆண்டு எழுதிப் படிவம் கொடுத்தால், முகப்பிலிருந்து கேட்டு அனுப்புவார்கள். தீவிலேயே மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகம் இருக்கிறது. தமிழ் நூல்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்தை முதலில் கேட்கச் சொல்லுங்கள், 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறை அங்கேதான் இருக்கிறது. மலேசியாவில் அச்சான நூல்கள் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டியவை, அங்கே தேடுவதும் பலன் தரும். கெடுவை வைப்பது கொடுக்கும் நூலகம். இங்கே புதுப்பிக்க முடியாது.

புத்தகம் தொலைந்தால் விலையோடு பதிவுக் கட்டணம் 20 ரிங்கிட். அதே பதிப்பை வாங்கிக் கொடுத்தால் விலை கட்ட வேண்டாம். இந்தியப் பதிப்புகளுக்கு இது எளிது. மலேசிய எழுத்தாளர்களின் நூல்கள் பெரும்பாலும் சில நூறு பிரதி அச்சாகி, வெளியீட்டு விழாவிலேயே தீர்ந்துவிடுபவை, மறுபதிப்பு அரிது. பணம் கட்டினாலும் அந்த அலமாரியில் அந்த இடம் காலியாகவே இருக்கும். ஆகவே தொலைந்தது தெரிந்த அன்றே முகப்பில் சொல்லி அபராதத்தை நிறுத்திவிட்டு, எழுத்தாளரையோ அவர் குடும்பத்தையோ கேட்டு ஒரு பிரதி பெற முயலுங்கள். அதற்கு ஒரு மாத அவகாசம் தருகிறார்கள்.

படிப்பு முடிக்கிறவர்கள் கடைசித் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் இயந்திரத்தில் திருப்பி, ரசீதோடு விடுவிப்புக் கடிதம் கேளுங்கள். வெளிப்பெட்டியில் போட்டுவிட்டுக் கடிதம் கேட்டால் மறுநாள் வரச் சொல்வார்கள். 20 சென் பாக்கி இருந்தாலும் கடிதம் வராது.