'ட்ராப்பர்' என்ற ஒரு சொல்லுக்காக 140 மீட்டர் கீழே போய் வந்தேன்

இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு பக்கம் ஓவர்ட்டனில் இருக்கும் தேசிய நிலக்கரிச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போய் வந்தவர்கள் பெரும்பாலும் கூண்டில் இறங்கியதையும் மேலே கட்டியிருக்கும் சுரங்கக் குதிரைகளையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் போனது ஒரே ஒரு சொல்லுக்காக. அதனால் இந்த விமர்சனமும் அந்தச் சொல்லைச் சுற்றியேதான் இருக்கும்.

பழைய சுரங்க வாக்குமூலங்களைத் தமிழில் கொண்டுவரும் வேலை ஒன்று கையில் இருக்கிறது. அதில் ஹியூவர், ஹரியர், ட்ராப்பர் என்று மூன்று வேலைப் பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஹியூவர் என்றால் கரி வெட்டுகிறவர். ஹரியர், வெட்டிய கரியை வண்டியில் போட்டு இழுத்தும் தள்ளியும் கொண்டுபோகிறவர். யார்க்‌ஷயரில் இந்தப் பேர், வடகிழக்குப் பக்கம் போனால் அதே ஆள் புட்டர். ட்ராப்பரில்தான் மாட்டிக்கொண்டேன். மாதாமாதம் காசு கட்டி நான் வைத்திருக்கும் மொழிபெயர்ப்புச் செயலி 'பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்' என்றது. தோலுக்காகக் காட்டில் விலங்கு பிடிக்கிறவருக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வரிக்கு வரி சுரங்கம் சுரங்கம் என்று வரும் இடத்தில், ட்ராப்பர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எட்டு வயதுப் பெண் பிள்ளை பூமிக்கு அடியில் எந்த விலங்கைப் பிடிக்கப் போகிறாள்? இந்த மாதிரி வேலைக்கு அந்தச் செயலியை நம்பவே நம்பாதீர்கள்.

அருங்காட்சியகம் இருப்பது கேப்ஹவுஸ் என்ற நிஜச் சுரங்கத்தில். 1985இல் கரி எடுப்பது நின்றது, 1988இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். இறங்குவதற்கு முன்னால் கைபேசி, தீப்பெட்டி, பேட்டரி போட்ட பொருள் எல்லாவற்றையும் மேலேயே விட்டுவிட வேண்டும். தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, கூண்டில் 140 மீட்டர் இறக்குகிறார்கள். கூட வருகிறவர் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதுதான் இந்தச் சுற்றின் உயிர் என்பேன், ஏனென்றால் பலகையில் எழுதிப் படிப்பதற்கும், அந்தக் காற்றை மூச்சில் வாங்கி உழைத்த ஒருவர் சொல்லிக் கேட்பதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

ட்ராப் என்பது இங்கே பொறி இல்லை, கதவு. சுரங்கப் பாதைகளின் குறுக்கே போட்ட மரக்கதவு. அந்தக் காலத்தில் ஒரு குழியின் அடியில் நெருப்பு மூட்டுவார்கள். சூடான காற்று அதன் வழியே மேலே போகும், இன்னொரு குழி வழியே புதுக்காற்று உள்ளே வரும். ஆனால் காற்று எப்போதும் குறுக்கு வழியில்தான் ஓடும். அதைத் தடுத்து, கரி வெட்டுகிற மூலைவரைக்கும் சுற்றி அனுப்பத்தான் இந்தக் கதவுகள். ஒரு கதவு திறந்தே கிடந்தால் உள்ளே இருப்பவர்களுக்குக் காற்று போகாது, மீத்தேன் சேரும், ஒரு மெழுகுவத்திச் சுடர் போதும் வெடிப்பதற்கு. அதனால் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பிள்ளை. பக்கச் சுவரில் குடைந்த பொந்தில் கையில் கயிறோடு உட்கார்ந்து, வண்டிச் சத்தம் கேட்டதும் இழுத்துத் திறந்து, போனதும் மூடவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம், பெரும்பாலும் விளக்கில்லாமல். அத்தனை பெரியவர்களின் உயிரும் ஆறேழு வயதுக் குழந்தையின் விழிப்பில் இருந்திருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு வழிகாட்டி எல்லோரையும் விளக்கை அணைக்கச் சொன்னார். முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினேன், தெரியவில்லை. கண் பழகும் என்று காத்திருந்தேன், பழகவே இல்லை. சுரங்கங்களில் பிள்ளைகள் வேலை பார்ப்பதைப் பற்றி 1842இல் வெளியான விசாரணை அறிக்கையில் சாரா கூடர் என்ற எட்டு வயதுச் சிறுமி சொன்னது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேலை களைப்பாக இல்லை, விளக்கில்லாமல் ட்ராப் பண்ணுவதுதான் பயம் என்கிறாள். வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவாளாம், இருட்டில் பாடத் துணிவு வராதாம். ட்ராப் என்பதை அவள் வினைச்சொல்லாகவே சொல்கிறாள் பாருங்கள், 'கதவு பார்ப்பது' என்று நாம் சொல்வதுபோல. எந்த அகராதியிலும் நான் இதைக் கவனித்ததில்லை.

நேரம் இருந்தால் அப்படியே சில்க்ஸ்டோன் கிராமத்துக்கும் போய் வாருங்கள். 1838 ஜூலை 4ஆம் தேதி ஹஸ்கர் சுரங்கத்தில், இடிமழையில் ஓடை பெருகி உள்ளே பாய்ந்தபோது, வெளியேறப் பார்த்த 26 பிள்ளைகள் இப்படி ஒரு காற்றுக்கதவோடு அழுந்தி மூழ்கிப் போனார்கள். தேவாலய வளாகத்தில் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் 10 வயதுக்குக் குறைந்த பையன்களையும் நிலத்தடியில் வேலை வாங்கக் கூடாது என்றது. அதற்கப்புறமும் கொஞ்சம் வளர்ந்த பையன்களோடு ட்ராப்பர் என்ற வேலையும் பேரும் தொடர்ந்தன.

போகிறவர்களுக்கு இரண்டே விஷயம். குனிந்து நடக்கிற இடங்கள் உண்டு, முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். யார்க்‌ஷயர் பேச்சு முதலில் காதில் பிடிபடாது. தயங்காமல் திரும்பக் கேளுங்கள், அவர்கள் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

என் மொழிபெயர்ப்பில் இப்போதைக்குக் 'காற்றுக்கதவுப் பிள்ளை' என்று போட்டிருக்கிறேன். கதவுக் காவலர் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன், காவலர் என்றதும் சீருடை போட்ட பெரிய ஆள் கண்முன் வந்து நிற்கிறார். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள், வேலை முடிய இன்னும் நாள் இருக்கிறது.